பாத்தாம் தீவில் கடைவீடு: வாங்குவது மண்ணா, ஆண்டுகளா?

சிங்கப்பூருக்கு வியாபார விஷயமாகவோ உறவினர் வீட்டுக்கோ போய் வரும் நம் வணிக அன்பர்களில் சிலர், ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் ஹார்பர்ஃபிரண்ட் துறையிலிருந்து படகேறி, எதிர்க்கரையில் இருக்கும் பாத்தாம் தீவையும் பார்த்துவிட்டு வருவது உண்டு. கடல்வழி சுமார் 20 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இந்தோனேசியா வந்துவிடும். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது வரிசை வரிசையாகக் கடைகள். கீழே கடை, மேலே வீடு. விலையைக் கேட்டால் சிங்கப்பூர் விலைக்கு எத்தனையோ படி கீழே. "இங்கே ஒரு கடை வாங்கிப் போட்டால் என்ன?" என்ற எண்ணம் ஒரு வணிகருக்கு வராமல் இருக்குமா?

எண்ணம் வருவதில் தவறில்லை. ஆனால் அந்தத் தீவில் விலைக்கு வருவது எது என்று தெரிந்துகொள்ளாமல் விலையை மட்டும் ஒப்பிடுவது, மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்துச் சரக்கு எடுப்பதற்குச் சமம். பாத்தாமின் பழைய கடைத்தெருப் பகுதியான நகோயா வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அங்கே குடியிருப்பதும் கடை நடத்துவதும் எப்படி, இடம் வாங்குவது என்றால் என்ன பொருள் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

நகோயா உருவான கதை

நகோயா என்றதும் ஜப்பான் நகரம் நினைவுக்கு வரும். எழுபதுகளில் இங்கே கட்டுமான வேலைக்கு வந்த ஜப்பானியர்களால் ஏற்பட்ட பெயர் என்று ஊரில் சொல்வார்கள். அரசுக் கணக்கில் இந்தப் பகுதி லூபுக் பாஜா என்னும் வட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்திலேயே ஜோடோ, அங்கே தோஸ் 3000 என்ற பெயரில் காய்கறி, மீன் சந்தை. அதற்கும் அப்பால் தஞ்சோங் ஊமா. கடலோரத்தில் மரக்கால்கள் மேல் வீடு கட்டி வாழும் பழைய மலாய் மீனவக் குடியிருப்பு. தீவு நகரமாவதற்கு முன்பே இருந்தவர்கள் இவர்கள்தாம்.

1971-இல் இந்தோனேசிய அரசு இத்தீவை எண்ணெய்த் தொழிலுக்குத் துணைத்தளமாக்க எண்ணி ஓர் ஆணையத்தை அமைத்தது. 1973-இல் தீவு முழுவதையும் தொழிற்பகுதியாக அறிவித்து, நிலத்தை நிர்வகிக்கும் உரிமையையும் அந்த ஆணையத்திடமே ஒப்படைத்தது. இந்த 1973-ஐ வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சிக்கல் அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. அப்போது தீவில் இருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். பிற்காலத்தில் நாட்டின் அதிபரான ஹபீபி 1978 முதல் 20 ஆண்டுகள் ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1990-இல் முக்கா கூனிங் என்ற இடத்தில் சிங்கப்பூர்க் கூட்டு முயற்சியாகத் தொழிற்பேட்டை திறந்தது. வேலை தேடி ஜாவாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 12 லட்சம். ஒரு தலைமுறைக்கு மேல் போகாத காலத்தில் இத்தனை வாய்கள் என்றால் மளிகைக்கு எவ்வளவு தேவை இருந்திருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கெடாய், மொடால், ரூக்கோ

கடைக்கு அங்கே இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று 'தோக்கோ', சீனத்திலிருந்து வந்தது. மற்றொன்று 'கெடாய்'. இது நம்முடைய 'கடை'யேதான். பழைய நாளில் கப்பலேறிப் போன தமிழ் வணிகர்கள் அங்கே விட்டு வந்த சொல் என்று மொழியறிஞர்கள் கொள்கிறார்கள். முதலீட்டுக்கு அவர்கள் சொல்லும் 'மொடால்' நம் 'முதல்'. பெட்டி அங்கே 'பெத்தி'. சரக்கு போன கப்பல்கள் மறைந்துவிட்டன, சொற்கள் மட்டும் இன்றும் வியாபாரம் செய்துகொண்டிருக்கின்றன.

நாம் பார்க்கப் போகும் கடைவீட்டுக்குப் பெயர் 'ரூக்கோ'. ரூமா என்றால் வீடு. தோக்கோ என்றால் கடை. முன்னதன் முதல் எழுத்தையும் பின்னதன் கடைசி எழுத்தையும் சேர்த்த பெயர். அகலம் 4 முதல் 5 மீட்டர். நீளம் அதைப்போல் மூன்று மடங்கு. இரண்டு அல்லது மூன்று மாடி. பக்கச் சுவர் அடுத்த ரூக்கோவுக்கும் பொது. முன்னால் இரும்பு உருட்டுக் கதவு, வண்டி நிறுத்தச் சிறிது இடம். கீழே வியாபாரம், முதல் மாடியில் இருப்புச் சரக்கோ பையன்கள் தங்குமிடமோ, அதற்கு மேல் குடும்பம். காலையில் கடை திறக்க மாடிப்படி இறங்கினால் போதும். இந்த வசதியின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: நடுவில் வெளிச்சமும் காற்றும் குறைவு. அரிசி, பருப்பு வைப்பவர்கள் ஈரத்தைக் கவனிக்காவிட்டால் வண்டு பிடிக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர். ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும்.

சரக்குப் பக்கம் பார்த்தால், இந்தோனேசியாவில் மளிகைக்கு 'செம்பாக்கோ' என்று ஒரு சொல் உண்டு. ஒன்பது அடிப்படைப் பொருள்கள் என்பதன் சுருக்கம். அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெயும் வெண்ணெயும், இறைச்சி, முட்டை, பால், மக்காச்சோளம், மண்ணெண்ணெய், அயோடின் உப்பு என 1998-இல் அரசு ஆணையிலேயே இந்தப் பட்டியலை வகுத்தார்கள். பாத்தாமில் விளைச்சல் மிகக் குறைவு. ஆகவே அரிசியும் வெங்காயமும் காய்கறியும் பெரும்பாலும் சுமத்ராவிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ கடல் தாண்டித்தான் வர வேண்டும். ஆண்டுக் கடைசியில் வடகாற்று எழுந்து கடல் கொந்தளித்தால் சந்தையில் விலை ஏறும். இருப்பு வைக்கத் தெரிந்த கடைக்காரருக்கு அது தொழில், தெரியாதவருக்கு நஷ்டம்.

2007 முதல் தீவு சுதந்திர வணிக மண்டலம். 70 ஆண்டுகளுக்கு என்று அறிவிப்பு. வெளிநாட்டுச் சரக்குக்குச் சுங்கம் இல்லை என்பதைக் கேட்டு எல்லாம் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. நுகர்பொருள்களுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு. சிகரெட்டுக்கும் மதுவுக்கும் இருந்த கலால் சலுகை 2019-இல் நீங்கிவிட்டது. தீவிலிருந்து நாட்டின் மற்றப் பகுதிக்குச் சரக்கு அனுப்பினால் அங்கே சுங்கச் சோதனையும் வரியும் காத்திருக்கும்.

குடியிருப்போர் அறிய வேண்டியவை

தண்ணீர்தான் முதல் கேள்வி. தீவில் சொல்லும்படியான ஆறு இல்லை. மழைநீரைத் தேக்கிய நீர்த்தேக்கங்களே கதி. அவற்றில் பெரியதான டூரியாங்காங், கடல் உள்வாங்கிய கழிமுகத்தை அணை போட்டு மூடி நன்னீராக்கியது. மழை பொய்த்தால் குழாயில் அழுத்தம் குறையும். ஆகவே வீடு பார்க்கும்போது மாடியில் தொட்டி இருக்கிறதா, எத்தனை லிட்டர் கொள்ளும் என்று பார்ப்பது அவசியம். மின்சாரம் நாட்டின் பொது மின் நிறுவனத்தின் தனிக் கிளை நிறுவனம் வழங்குகிறது. கட்டண விகிதமும் தனி. குளிர்சாதனப் பெட்டி நாலைந்து வைத்து வியாபாரம் செய்பவர்கள் பழைய மின் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நலம்.

ஒவ்வொரு தெருவுக்கும் 'ஆர்.டி.' எனப்படும் தெருத் தலைவர் ஒருவர் உண்டு. பல ஆர்.டி.க்கள் சேர்ந்தது ஓர் 'ஆர்.டபிள்யூ.' இவர்கள் சம்பள அதிகாரிகள் அல்லர். அக்கம் பக்கத்தார் தேர்ந்தெடுப்பவர்கள். புதிதாகக் குடி வருவோரும், தங்க வரும் விருந்தாளியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று தெரு முனையில் பலகையே இருக்கும். குப்பைக்கும் காவலுக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டும். நம்மில் சிலருக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் முகவரிச் சான்று முதல் பக்கத்து வீட்டுத் தகராறு வரை அந்த மனிதர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது. முதல் நாளே போய் வணக்கம் சொல்லிவிட்டு வருவது வணிகருக்கு அழகு.

பண்டிகைக் கணக்கும் வேறு. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சொந்த ஊருக்குப் புறப்படுவார்கள். 'மூடிக்' என்று அதற்குப் பெயர். அந்த வாரம் தெரு வெறிச்சோடும். சீனப் புத்தாண்டுக்கு நகோயாவில் சீனர் கடைகள் அடைத்திருக்கும். ஓராண்டு வேலை பார்த்த ஆளுக்குப் பெருநாளுக்கு 7 நாள் முன்பாகவே ஒரு மாதச் சம்பளம் போனஸாகத் தர வேண்டும் என்பது சட்டம். கடையில் இரண்டே பேர் வைத்திருந்தாலும் இதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சிறு கடைக்காரர் நிலை எங்கும் ஒன்றுதான் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லலாம். 2025 பிப்ரவரி 1 முதல் 3 கிலோ மானிய எரிவாயு உருளையைச் சில்லறைக் கடைகள் விற்கக் கூடாது, அங்கீகாரம் பெற்ற முகவரிடமே வாங்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அரசு உத்தரவு போட்டது. ஊர் ஊராக வரிசை நின்றது. சில நாளிலேயே அதிபர் தலையிட்டுக் கடைகளுக்கு மீண்டும் அனுமதி தந்தார். தெருக் கடை இல்லாமல் அடுப்பு எரியாது என்பதை அதிகாரிகள் அப்போதுதான் கண்டுகொண்டார்கள் போலும்!

வாடகை விஷயத்தில் நம் பழக்கத்துக்கு மாறான ஒன்று உண்டு. ரூக்கோவுக்கு மாத வாடகை என்பது அபூர்வம். ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ முழுவதையும் முன்னதாகவே கட்டச் சொல்வார்கள். இடைக்காலத்தில் வியாபாரம் சரியில்லை என்று காலி செய்தால் பணம் திரும்பாது. வாடகை மேல் 10 சதவீத வரி உண்டு; அதை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

நிலம் யாருடையது?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தோனேசியாவின் நிலச் சட்டம் 1960-ஆம் ஆண்டு ஐந்தாம் எண் சட்டம். அதன்படி நிலத்தின் மேல் உரிமை பல தரம். முதல் தரம் 'ஹாக் மிலிக்': முழுச் சொந்தம், காலக் கெடு இல்லை, பிள்ளைகளுக்குப் போகும். அடுத்தது 'ஹாக் குனா பங்குனான்': இன்னொருவர் நிலத்தில், பெரும்பாலும் அரசு நிலத்தில், கட்டடம் கட்டி வைத்துக்கொள்ளும் உரிமை, 30 ஆண்டு, நீட்டிப்பு 20 ஆண்டு, அதன்பின் புதுப்பிப்பு 30 ஆண்டு. மூன்றாவது 'ஹாக் பக்காய்': பயன்படுத்திக்கொள்ளும் உரிமை. 'ஹாக்' என்பது அரபுச் சொல். நம் முஸ்லிம் வணிக நண்பர்களுக்கு 'ஹக்' என்று நன்கு தெரிந்ததே.

நாட்டின் மற்ற ஊர்களில் முழுச் சொந்த நிலம் தாராளமாகக் கிடைக்கிறது. பாத்தாமில் அப்படியில்லை. 1973-இல் ஆணையத்திடம் போன நிலம் இன்றும் அதன் வாரிசான 'பி.பி. பாத்தாம்' என்ற அமைப்பிடமே இருக்கிறது. 2019 முதல் நகர மேயரே அதற்கும் பதவி வழியில் தலைவர். அந்த அமைப்பு மனையை ஒதுக்கித் தரும். அந்த ஒதுக்கீட்டின் மேல் நில அலுவலகம் கட்டட உரிமைச் சான்றிதழ் தரும். கோயில் அடிமனையில் கடை கட்டியிருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சுவரும் கூரையும் நம்முடையவை; அடியில் இருக்கும் மண் கோயிலுடையது. வேறுபாடு என்னவென்றால், இங்கே அடிமனைப் பணத்தை மாதா மாதம் கட்டுவதில்லை. 'ஊவாங் வாஜிப் தாஹுனான்', அதாவது கட்டாய ஆண்டுத் தொகை என்று பெயர் இருந்தாலும், 30 ஆண்டுக்கும் சேர்த்து முன்னதாகவே கட்டிவிட வேண்டும். 30 முடிந்தால் 20 ஆண்டுக்கு மறுபடி ஒரு தொகை. அதுவும் முடிந்தால் 30-க்கு இன்னொரு தொகை.

ஆக, நகோயாவில் ஒரு ரூக்கோவை விலை பேசுகிறோம் என்றால் கட்டடத்தையும், மண்ணின் மேல் மீதி இருக்கும் ஆண்டுகளையும் விலை பேசுகிறோம் என்றே பொருள். தொழிற்பேட்டை வந்து ஊர் பெருகிய தொண்ணூறுகளில் ஒதுக்கிய மனைகளுக்கு முதல் 30 ஆண்டு முடிவது இந்த 2020-களில்தான். ஒரே வரிசையில், ஒரே சுண்ணாம்பு அடித்து, ஒரே மாதிரி நிற்கும் இரண்டு கடைகளில் ஒன்றுக்கு மீதி 25 ஆண்டும் மற்றொன்றுக்கு 5 ஆண்டும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, காகிதத்தில்தான் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. முதல் கடை 150 கோடி ரூப்பியா. மீதி 25 ஆண்டு. இரண்டாவது கடை 144 கோடி. மீதி 5 ஆண்டு. ஆறு கோடி மலிவு என்று இரண்டாவதைத் தூக்கிவிடக் கூடாது. அதையும் 25 ஆண்டாக்க 20 ஆண்டு நீட்டிப்புத் தொகை கட்ட வேண்டும். மனை 75 சதுர மீட்டர் என்றால், 6 கோடியை 75-ஆல் வகுக்க 8 லட்சம் ரூப்பியா வரும். நீட்டிப்புக் கட்டணம் சதுர மீட்டருக்கு 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் இரண்டாவது கடை ஆதாயம். மேலே போனால் முதல் கடைதான் மலிவு. இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் அங்கே பேரம் பேசவே கூடாது என்பது நம் கருத்து.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கட்டணம் இடத்துக்கு இடம், வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று மாறும். இன்றைக்குக் கேட்டால் இன்றைய விகிதம்தான் சொல்வார்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே விகிதம் இருக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். 2016-இல் கட்டணத்தை உயர்த்தி ஆணை வந்தபோது தீவின் வணிகர்களும் குடியிருப்போரும் பெரிய எதிர்ப்புக் காட்டினார்கள். ஆணையை நிறுத்தி வைத்துப் பின்னர் திருத்த வேண்டியதாயிற்று. ஒற்றுமையாக நின்றதால் குறைந்தது. ஆனால் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பதையும் அந்த நிகழ்ச்சி காட்டிவிட்டது.

காகிதங்கள்

பத்திரம் எழுதுபவர் 'பி.பி.ஏ.டி.' எனப்படும் நிலப் பத்திர அதிகாரி. இவர் பெரும்பாலும் நோட்டரியாகவும் இருப்பார். அவர் முன் கையெழுத்தாகும் விற்பனைப் பத்திரமே செல்லும். அதற்கு முன்பே சான்றிதழை நில அலுவலகத்தில் சரி பார்ப்பது அவர் கடமை. வங்கி அடமானம் இருந்தால் சான்றிதழில் குறிப்பு இருக்கும்; கடன் தீர்ந்தாலும் அந்தக் குறிப்பை நீக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பாத்தாமில் கூடுதலாக ஒரு படி உண்டு: ஒதுக்கீட்டு மனை கை மாறுவதற்குப் பி.பி. பாத்தாமின் உரிமை மாற்ற அனுமதி வேண்டும். அது இல்லாமல் பத்திரம் முடியாது.

கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவை: ஒதுக்கீட்டு ஆணை, மனையின் இட வரைபடம், ஆணையத்தோடு செய்த ஒப்பந்தம், கட்டாயத் தொகை கட்டிய ரசீது, நில அலுவலகச் சான்றிதழ், கட்டட அனுமதி, ஆண்டு நில வரி ரசீதுகள். ஒதுக்கீட்டுக் காலம் முடியும் தேதியும் சான்றிதழின் காலம் முடியும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு அலுவலகம் தருபவை. ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும். நீட்டிப்புக்கும் முதலில் ஆணையத்தில் பணம் கட்டி, அதன் பரிந்துரையோடுதான் நில அலுவலகத்துக்குப் போக முடியும்.

வரிகளில் வாங்குபவர் பங்கு, விலையில் குறிப்பிட்ட கழிவு போக மீதிக்கு 5 சதவீதம். விற்பவர் பங்கு மொத்த விலையில் 2.5 சதவீதம். முன்னே சொன்ன 150 கோடிக்குக் கழிவு 8 கோடி என்று வைத்தால், 142 கோடிக்கு வாங்குபவர் வரி 7 கோடியே 10 லட்சம். விற்பவர் வரி 3 கோடியே 75 லட்சம். பத்திர அதிகாரியின் கட்டணம் விலையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விற்பவர் வரியையும் சேர்த்து வாங்குபவர் தலையில் கட்டும் பேரம் அங்கே சகஜம். "நிகர விலை" என்று சொன்னால் உஷாராக இருக்கவும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் 'ஜுத்தா' என்றால் 10 லட்சம். 'மில்யார்' என்றால் 100 கோடி. ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். நம் வழக்கத்துக்கு நேர் எதிர். ஒரு புள்ளியைத் தவறாகப் படித்தால் தொகை ஆயிரம் மடங்கு மாறிவிடும்.

கைக்கடியில் நடக்கும் வியாபாரம்

'பாவா தாங்கான்' என்று ஒரு சொல் வழங்குகிறது. நேர்ப் பொருள் 'கைக்கு அடியில்'. பத்திர அதிகாரி முன் போகாமல், வெறும் ரசீதும் சாட்சிக் கையெழுத்தும் வைத்து முடிக்கும் விற்பனை இது. வரி மிச்சம் என்பார்கள். வங்கிக் கடன் பாக்கியுள்ள வீட்டையே இப்படிக் கை மாற்றுவதும் உண்டு. தவணை எல்லாம் இரண்டாமவர் கட்டியிருப்பார். கடன் தீர்ந்ததும் வங்கி சான்றிதழை முதலாமவர் பெயரில், அவர் கையில்தான் கொடுக்கும். அவர் ஊரை விட்டுப் போயிருந்தாலோ இறந்திருந்தாலோ, பணம் கட்டியவர் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டியதுதான்.

இன்னும் கீழே போனால் 'ரூலி'. ரூமா லியார், அதாவது அனுமதியில்லாத வீடு. வேலை தேடி வந்தவர்கள் காலி நிலத்தில் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய குடிசைகள் பெரும் குடியிருப்புகளாக வளர்ந்திருக்கின்றன. அங்கேயும் கெடாய் உண்டு. வியாபாரமும் நன்றாகவே நடக்கும். அந்தக் கடைகளும் விலைக்கு வரும். ஆனால் நிலத்தை யாருக்காவது ஒதுக்கிவிட்டால் ஒரு நாள் இயந்திரம் வரும். கிடைக்கும் இழப்பீட்டை எண்ணி முதல் போடுவது சூதாட்டம்.

காகிதம் இல்லாதவர்கள் எல்லாம் அத்துமீறி வந்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தஞ்சோங் ஊமா போன்ற பழைய கிராமங்களில் தலைமுறையாக வாழ்பவர்களுக்கும் பட்டயம் இல்லாத நிலையே நெடுநாள் இருந்தது. ஆணையத்துக்கும் அவர்களுக்கும் இழுபறி. பாலங்களால் பாத்தாமோடு இணைந்த ரெம்பாங் தீவில் ஒரு பெரிய தொழில் திட்டத்துக்காக மலாய்க் கிராமங்களை இடம் மாற்ற முயன்றபோது, 2023 செப்டம்பரில் மக்களுக்கும் காவல் துறைக்கும் மோதல் மூண்டு, நாடே திரும்பிப் பார்த்தது. மண் அமைப்பின் பெயரில் இருக்கும்போது, அதன் மேல் வாழ்பவரின் ஆண்டுக் கணக்கு செல்லாமல் போகிறது.

வெளிநாட்டவர் வாங்கலாமா?

படகில் வந்து பார்த்துவிட்டுப் போகும் நம் அன்பர் கேட்பது இதைத்தான். முழுச் சொந்த உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவர் குடியிருக்க வீடு வாங்கலாம். 'ஹாக் பக்காய்' உரிமையில், பொதுவாக ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை, 2,000 சதுர மீட்டருக்கு மேற்படாமல், அரசு வகுத்த குறைந்தபட்ச விலைக்குக் குறையாமல். 2021-இல் வந்த விதிப்படி, பாத்தாம் போன்ற சுதந்திர வணிக மண்டலங்களில் கட்டட உரிமை நிலத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பையும் வாங்கலாம். கவனிக்கவும்: இவையெல்லாம் குடியிருப்பு. கடைவீடு இதில் சேராது.

கடைக்கு வேறு வழி, வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி பதிவு செய்து, கம்பெனி பெயரில் கட்டட உரிமை பெறுவது. அப்படிப்பட்ட கம்பெனிக்கு நிலமும் கட்டடமும் நீங்கலாக 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் வேண்டும். பலசரக்குக் கடைக்கு ஒத்து வரும் அளவு அல்ல இது.

இந்த நிலையில் தரகர் நீட்டுவது மூன்றாவது வழி. "உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்குங்கள், பணம் உங்களுடையது, அவரிடம் கடன் பத்திரமும் அதிகாரப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பயமே இல்லை" என்பார். 1960 சட்டத்தின் 26-ஆம் பிரிவு இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. முழுச் சொந்த நிலத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு மாற்றும் நோக்கத்தில் செய்யும் ஏற்பாடு எதுவும் செல்லாது. நிலம் அரசுக்குச் சேரும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. பெயர் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் காலமானால் நிலம் அவர் பிள்ளைகளுக்குப் போகும். அவர் கடனாளியானால் கடன்காரருக்குப் போகும்.

அங்கே குடும்ப உறவோ தொழிலோ இருந்து தங்கவே போகிறவர்கள், முதல் ஓராண்டு வாடகைக்கு எடுத்து, ஒரு பெருநாளையும் ஒரு வடகாற்றுக் காலத்தையும் கடையில் உட்கார்ந்தே பார்த்துவிடுவது நல்லது. அதன் பிறகு பேரத்துக்குப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது கட்டாயத் தொகை கட்டிய ரசீதை. அதில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து 30-ஐக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு நாற்காலியில் அமரலாம்.